பித்தப்பைக் கல்லும் குடல்வாழ் நுண்ணுயிர்களும்: வாசகர் கேள்விகளுக்கு வைத்தியரின் பதில்கள்

சென்ற இதழில் பித்தப்பைக் கல் பற்றி எழுதிய சிறு குறிப்புக்குப் பின்னர் கொழும்பிலிருந்தும் அதன் சுற்றுப்புறங்களிலிருந்தும் நிறையக் கடிதங்கள் வந்துள்ளன. பலர் ஒரே விடயத்தைக் கேட்டிருப்பதால் அவற்றுள் சிலவற்றைத் தேர்ந்து பதில் தருகிறேன்.

கேள்வி: எனக்கு வயது 46. வயிற்றுவலி எதுவும் இல்லை. வருடாந்தப் பரிசோதனையில் எடுத்த ஸ்கேனில் பித்தப்பைக்குள் 8 மி.மீ. அளவான ஒரு கல் இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். என் இரத்தக் கொலஸ்ட்ரோல் அளவு சரியாகவே உள்ளது. குடலில் இருக்கும் பக்டீரியாக்களால்தான் இக்கல் உண்டாகிறது என்று பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகன் சொல்கிறான். குடல் எங்கே, பித்தப்பை எங்கே? இது உண்மையா? நான் சத்திரசிகிச்சை செய்துகொள்ள வேண்டுமா?
(வெள்ளவத்தை வாசகி)

பதில்: உங்கள் மகன் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை விளங்கிக்கொள்ள, பித்தநீர் எங்கே பிறந்து எங்கே போய்த் திரும்புகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். நாம் தலைசுற்றலுக்கும் வாய்க்கசப்புக்கும் ‘பித்தம்’ என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். சித்த வைத்தியத்தில் வாதம், பித்தம், கபம் என்று வரும் பித்தம் வேறு. ஈரல் சுரக்கும் மஞ்சட்பச்சை நிறப் பித்தநீர் வேறு. இங்கே நான் பேசுவது இரண்டாவதைப் பற்றியே.

ஈரல் ஒரு நாளில் 600 மில்லிலீற்றர் முதல் 1 லீற்றர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. அதில் ஒரு பகுதி பித்தப்பையில் தேங்கி, நீர் உறிஞ்சப்பட்டுச் செறிவடைகிறது. பித்தப்பையின் கொள்ளளவு 30 முதல் 50 மில்லிலீற்றர்தான். ஒரு சிறிய தேநீர்க் கோப்பையில் பாதிகூட வராது. பித்தநீரில் மூன்று பொருள்கள் முக்கியமானவை: கொலஸ்ட்ரோல், லெசித்தின் என்னும் ஒருவகைக் கொழுப்பு, பித்த அமிலங்கள். கொலஸ்ட்ரோல் தண்ணீரில் கரையாது. மற்ற இரண்டும் அதைச் சூழ்ந்து பிடித்துக் கரைந்த நிலையில் வைத்திருக்கின்றன. கொலஸ்ட்ரோல் கூடினாலோ மற்றவை குறைந்தாலோ அது நுண்ணிய பளிங்குகளாகப் படியத் தொடங்கும். பித்தப்பை சோம்பி முழுமையாகச் சுருங்காதபோது, அதன் சுவரிலிருந்து கசியும் சளியில் அப்பளிங்குகள் ஒட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் வளர்ந்து கல்லாகின்றன. கல் உண்டாவதை முடிவு செய்வது பித்தநீரிலுள்ள கொலஸ்ட்ரோல்; இரத்தப் பரிசோதனை காட்டுவது இரத்தத்திலுள்ள கொலஸ்ட்ரோல். அதனால்தான் இரத்தத்தில் அளவு சரியாக இருந்தும் உங்களுக்குக் கல் வந்திருக்கிறது.

பக்டீரியாக்கள் இக்கதைக்குள் நுழைவது பித்த அமிலங்களின் வழியாகத்தான். ஈரல், கொலஸ்ட்ரோலையே மூலப்பொருளாகக் கொண்டு கோலிக் அமிலம், கீனோடியொக்சிகோலிக் அமிலம் என்னும் இரண்டு பித்த அமிலங்களை உண்டாக்கி, அவற்றுடன் கிளைசின் அல்லது டோரின் என்னும் சிறு மூலக்கூறைப் பிணைத்துக் குடலுக்கு அனுப்புகிறது. கொழுப்பைச் செரிக்க உதவிய பின் அவற்றுள் ஏறத்தாழ 95 வீதம் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்பட்டு, இரத்தத்தின் வழியே ஈரலுக்கே திரும்புகின்றன. உடலில் உள்ள மொத்தப் பித்த அமிலம் ஏறத்தாழ 3 கிராம் மட்டுமே. அந்தச் சிறிய அளவுதான், காலி வீதியில் பாணந்துறைக்கும் புறக்கோட்டைக்கும் இடையே நாள் முழுவதும் போய்வரும் பஸ்ஸைப் போல, ஈரலுக்கும் குடலுக்கும் இடையே ஒரு நாளில் ஆறு தொடக்கம் பத்துத் தடவைகள் சுற்றி வருகிறது.

உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குத் தப்பிச் செல்லும் பங்குதான் பக்டீரியாக்களின் கையில் அகப்படுகிறது. மனித உடலில் வாழும் பக்டீரியாக்களின் தொகை ஏறத்தாழ 38 இலட்சம் கோடி என்று 2016இல் மதிப்பிட்டார்கள்; அவற்றுள் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில்தான் குடியிருக்கின்றன. அவற்றுள் பலவகை, ஈரல் பிணைத்து அனுப்பிய கிளைசினையும் டோரினையும் வெட்டிவிடக் கூடியவை. அதற்கடுத்த வேலையைச் செய்யக்கூடியவை மிகச் சில இனங்களே; குளோஸ்ட்ரிடியம் சிண்டென்ஸ் அவற்றுள் நன்கு அறியப்பட்டது. அவை கோலிக் அமிலத்தை டியொக்சிகோலிக் அமிலமாக மாற்றுகின்றன. இந்தப் புதிய அமிலமும் மீண்டும் உறிஞ்சப்பட்டு ஈரலுக்கு வருகிறது. பித்தநீரில் கலந்து பித்தப்பைக்குள்ளும் போகிறது. குடலில் வாழும் ஓர் உயிர் தயாரித்த பொருள், அது ஒருபோதும் காலடி வைக்காத பித்தப்பைக்குப் போய்ச் சேர்வது இப்படித்தான். டியொக்சிகோலிக் அமிலம் கூடும்போது ஈரல் பித்தநீருக்குள் கொலஸ்ட்ரோலை அதிகமாகத் தள்ளுகிறது; பளிங்கு உண்டாவதும் விரைவாகிறது.

சான்றுகளும் இருக்கின்றன. கொலஸ்ட்ரோல் கல் உள்ள நோயாளர் சிலரின் மலத்தில் இந்த மாற்றத்தைச் செய்யும் பக்டீரியாக்கள் மிகுதியாக இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். 2022இல் சீன ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், கல் உள்ளவர்களின் குடல் நுண்ணுயிர்களை எலிகளுக்கு மாற்றியபோது அந்த எலிகளுக்கும் கல் உண்டானது. ஆயினும் கல் உள்ள எல்லாருக்கும் டியொக்சிகோலிக் அமிலம் மிகுந்திருப்பதில்லை. பரம்பரை, வயது, பெண்ணாயிருத்தல், கர்ப்பம், உடற்பருமன், நீரிழிவு, ஈஸ்ட்ரோஜன் மாத்திரை ஆகியவற்றின் பங்கு உறுதியானது. ஆகவே பக்டீரியா ‘தான்’ காரணம் என்று சொல்ல முடியாது. பக்டீரியாவும் ஒரு காரணம் என்று உங்கள் மகனிடம் சொல்லுங்கள்.

இனிச் சத்திரசிகிச்சை. வலி தராத பித்தப்பைக் கல் உள்ள நூறு பேரில் ஏறத்தாழ எண்பது பேருக்கு அது எந்தத் தொல்லையும் தராமலே இருந்துவிடுகிறது. தற்செயலாகக் கண்ட கல்லுக்காகப் பித்தப்பையை எடுப்பதை நான் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. வலது விலா எலும்பின் கீழோ மேல்வயிற்றின் நடுவிலோ தொடங்கி, முதுகுக்கும் வலத் தோளுக்கும் பரவி, அரை மணித்தியாலம் முதல் சில மணித்தியாலங்கள் வரை நிற்கும் வலி ஒரு தடவை வந்தாலும் அன்றே கணக்கு மாறிவிடும். அதுவரை ஸ்கேன் அறிக்கையைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கேள்வி: எனக்கு வயது 38. பித்தப்பையில் கல் இருக்கிறது. நல்ல பக்டீரியா அடங்கிய மாத்திரைகள் பாமசியில் விற்கிறார்கள். அவற்றை எடுத்தாலோ, தினமும் எருமைத் தயிர் சாப்பிட்டாலோ கல் கரையுமா? அல்லது கெட்ட பக்டீரியாவை அன்டிபயட்டிக் கொடுத்து அழிக்கலாமா?
(கொட்டாஞ்சேனை வாசகர்)

பதில்: உருவாகிவிட்ட கல்லைத் தயிரோ நுண்ணுயிர் மாத்திரையோ கரைத்ததற்குச் சான்று இல்லை. ‘நல்லவை’ என்று விற்கப்படும் லக்டோபசிலசு வகைகளில் பல, பித்த அமிலத்திலிருந்து கிளைசினை வெட்டும் வேலையைச் செய்பவையே. அந்த வெட்டு, டியொக்சிகோலிக் அமிலம் உண்டாவதற்கு முந்திய படி. நல்லது, கெட்டது என்று இவற்றைப் பிரிப்பது அவ்வளவு எளிதன்று. தயிரை விரும்பிச் சாப்பிடுங்கள், மருந்தென எண்ண வேண்டாம். சர்க்கரையும் பாணியும் மட்டும் அளவோடு இருக்கட்டும்.

அன்டிபயட்டிக் எண்ணத்தை அடியோடு விட்டுவிடுங்கள். செவ்ட்ரியக்சோன் என்னும் ஊசிமருந்து பித்தநீர் வழியே வெளியேறும்போது கல்சியத்துடன் சேர்ந்து பித்தப்பைக்குள் தானே கல்போலப் படிவதுண்டு. ஊசியை நிறுத்தினால் அது பெரும்பாலும் கரைந்துவிடும். ஆயினும் கல்லை ஒழிக்கப் போய்க் கல்லைச் சேர்க்கும் மருந்தும் உண்டு என்பதை மறக்கக் கூடாது.

கல்லைக் கரைக்கும் மாத்திரை ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. உர்சோடியொக்சிகோலிக் அமிலம் என்பது அதன் பெயர். கரடியின் பித்தநீரில் மிகுதியாகக் காணப்பட்டதால் கரடியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைக் கொண்டு பெயரிட்டார்கள். நம் குடற்பக்டீரியாக்களும் இதைச் சிறிதளவு உண்டாக்குகின்றன. கல் சிறியதாக, கல்சியம் படியாத கொலஸ்ட்ரோல் கல்லாக, பித்தப்பை நன்கு சுருங்குவதாக இருந்தால் மட்டுமே இது பயன்படும். ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை விடாமல் எடுக்க வேண்டும். கரைந்த பின்னும் ஐந்து ஆண்டுகளுக்குள் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் கல் மீண்டும் வருகிறது. சத்திரசிகிச்சையைத் தாங்க முடியாத ஒருவருக்கு நான் இதைச் சொல்வேன். உங்களைப் போன்ற 38 வயதினருக்குச் சொல்வதற்குத் தயங்குவேன்.

பக்டீரியாக்களுக்கு நீங்கள் செய்யக்கூடிய உண்மையான உதவி நார்ச்சத்துதான். மலம் பெருங்குடலில் நீண்ட நேரம் தங்கினால் பக்டீரியாக்களுக்கு நேரம் கிடைக்கிறது. டியொக்சிகோலிக் அமிலம் கூடுகிறது. நார்ச்சத்து அந்தப் பயணத்தை விரைவாக்குகிறது. வெள்ளைப் பாணுக்கும் ரோல்ஸுக்கும் பதிலாகத் தீட்டாத சிவப்பரிசிச் சோறு, குரக்கன் பிட்டு, பருப்பு, கௌபி, வல்லாரைச் சம்பல், முருங்கையிலை வறை ஆகியவற்றை வாரம் முழுவதும் மாற்றி மாற்றிச் சாப்பிடுங்கள்.

கேள்வி: என் மகளின் திருமணத்துக்கு முன்பு உடல் மெலிய வேண்டுமென்று இரண்டு மாதங்களில் 14 கிலோ குறைத்தாள். காலை, இரவு உணவு இல்லை. மதியம் எண்ணெய் சேர்க்காத மரக்கறி மட்டும். இப்போது இரவில் மேல்வயிறு பிடித்து வலிக்கிறது. வாயு என்று நினைத்து இஞ்சித் தேநீர் கொடுக்கிறேன்.
(பம்பலப்பிட்டி வாசகி)

பதில்: தயவுசெய்து இந்த வாரமே ஸ்கேன் எடுங்கள். வெறுவயிற்றில் போக வேண்டும். அப்போதுதான் பித்தப்பை நிரம்பியிருந்து கல் தெளிவாகத் தெரியும்.

வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் எடை குறையும்போது பித்தப்பைக் கல்லின் ஆபத்து தெளிவாகக் கூடுகிறது. உங்கள் மகள் அந்த எல்லையைத் தாண்டியிருக்கிறாள். உடற்கொழுப்பு வேகமாகக் கரையும்போது அதில் சேர்ந்திருந்த கொலஸ்ட்ரோல் ஈரலுக்கு வந்து பித்தநீருக்குள் போகிறது. அதே வேளையில், உணவில் கொழுப்பே இல்லாததால் பித்தப்பைக்குச் சுருங்கும்படி சொல்லும் ஹோர்மோன் போதுமான அளவு சுரப்பதில்லை. செறிவான பித்தநீர் மணிக்கணக்கில் அசையாமல் தேங்கிக் கிடக்கிறது. எண்ணெய் முழுவதையும் நிறுத்துவது பித்தப்பைக்கு நன்மை என்று பலர் நம்புகிறார்கள். கல் வராமல் காப்பதைப் பொறுத்தவரை அது தவறு. ஒவ்வொரு வேளையும் சிறிதளவு நல்லெண்ணெயோ தேங்காய்ப்பாலோ கச்சானோ இருப்பது பித்தப்பையை வேலை செய்ய வைக்கும். பிள்ளையை மூன்று வேளையும் உண்ணச் செய்யுங்கள். அவளைக் கடிந்துகொள்ள வேண்டாம். மணப்பெண் மெலிந்திருக்க வேண்டும் என்று அவளிடம் சொன்னவர்கள் நாம்தான்.

கேள்வி: ஒலிவ் எண்ணெயும் எலுமிச்சம் சாறும் இரவில் குடித்தால் மறுநாள் கற்கள் வெளியே வரும் என்று வட்ஸ்அப்பில் வந்தது. என் மைத்துனர் செய்து பார்த்தார். பச்சை நிறத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட கற்கள் வந்தன. கண்ணால் கண்டதை எப்படி மறுப்பது?
(தெஹிவளை வாசகர்)

பதில்: உங்கள் மைத்துனர் கண்டது பொய்யன்று, அவை கற்கள் என்பதுதான் பொய். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாயார் இப்படி வந்த ‘கற்களை’ ஜாம் போத்தலில் போட்டு என்னிடம் கொண்டுவந்தார். கடலைப் பருப்பு அளவில், வெளிறிய பச்சை நிறத்தில், விரலால் அழுத்தினால் மெழுகுபோல நசுங்கும் உருண்டைகள். ஒன்றை எடுத்துக் குழந்தையைக் குளிப்பாட்டும் அளவு சூடுள்ள தண்ணீரில் போட்டேன். பத்து நிமிடத்தில் அது பச்சை எண்ணெயாகி மேலே மிதந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அப்ப என்ர கல்லு உள்ளுக்கத்தான் இருக்குதோ?” என்று கேட்டார். மறுநாள் எடுத்த ஸ்கேனில் அவருடைய மூன்று கற்களும் முன்பிருந்த இடத்திலேயே இருந்தன.

2005இல் லான்செட் மருத்துவ இதழில் இதே போன்ற ஓர் உருண்டையைச் சோதித்து எழுதியிருந்தார்கள். அதில் கொலஸ்ட்ரோல் இல்லை, பித்த நிறப்பொருள் இல்லை, கல்சியம் இல்லை. 40 பாகை செல்சியஸில் அது உருகிவிட்டது. குடித்த எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடலில் சேர்ந்து உண்டாக்கிய சவர்க்காரக் கட்டி அது. தூய கொலஸ்ட்ரோல் உருகுவதற்கு ஏறத்தாழ 148 பாகை வேண்டும். ஒரே மூச்சில் இவ்வளவு எண்ணெய் குடிக்கும்போது பித்தப்பை இறுகச் சுருங்குகிறது; சிறு கல் ஒன்று குழாய்க்குள் தள்ளப்பட்டால் சதையி அழற்சிகூட வரலாம். தயவுசெய்து அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.

கேள்வி: பொல்பலாத் தேநீரும் வாழைத்தண்டுச் சாறும் குடித்தால் பித்தப்பைக் கல் போகுமா?
(மட்டக்குளி வாசகர்)

பதில்: அவை சிறுநீரகக் கல்லுக்கு நம்மவர்கள் குடிப்பவை. சிறுநீர் போகும் வழி வேறு, பித்தநீர் போகும் வழி வேறு. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் பித்தப்பைக் கல் சிறுநீருடன் வராது.

கேள்வி: தலசீமியா உள்ள என் 15 வயது மகனுக்குப் பித்தப்பையில் கற்கள் இருக்கின்றன. நாங்கள் கொழுப்பு அதிகம் கொடுத்ததாலா?
(வத்தளை வாசகி)

பதில்: இல்லை, தாயே. இதில் உங்கள் சமையலின் குற்றம் ஏதுமில்லை. தலசீமியாவில் செங்குருதிக் கலங்கள் விரைவாக அழிவதால் பிலிருபின் என்னும் நிறப்பொருள் மிகுந்து, கல்சியத்துடன் சேர்ந்து கருநிறக் கற்களாகிறது. இவை கொலஸ்ட்ரோல் கற்கள் அல்ல. மேலே சொன்ன கரைக்கும் மாத்திரை இவற்றுக்குப் பயன்படாது. குருதியேற்றும் கிளினிக்கிலேயே இதைச் சொல்லி, சத்திரசிகிச்சை நிபுணருக்குக் கடிதம் கேளுங்கள்.

கேள்வி: பித்தப்பையை எடுத்து மூன்று மாதமாகிறது. சாப்பிட்டு எழுந்ததும் மலசலகூடத்துக்கு ஓட வேண்டியிருக்கிறது. பஸ்ஸில் வேலைக்குப் போகவே பயமாக இருக்கிறது.
(கிராண்ட்பாஸ் வாசகர்)

பதில்: இதைச் சொல்ல வெட்கப்பட்டு எத்தனையோ பேர் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கிறார்கள். நீங்கள் எழுதியது நல்லது. சேமித்து வைக்கும் பை இல்லாததால் பித்தநீர் இரவும் பகலும் குடலுக்குள் சொட்டிக்கொண்டிருக்கிறது. சிறுகுடல் உறிஞ்சி முடிக்காத பித்த அமிலம் பெருங்குடலை அடைந்ததும் அங்கே நீரைச் சுரக்கவைத்து, அசைவையும் விரைவாக்குகிறது. பெரும்பாலானோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ இது தணிந்துவிடும். உணவைச் சிறிது சிறிதாகப் பிரித்து உண்ணுங்கள். கொத்துரொட்டி போன்ற எண்ணெய் மிகுந்த உணவைச் சில காலம் தவிருங்கள். தணியாவிட்டால், பித்த அமிலத்தைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும் கொலெஸ்டிரமின் என்னும் தூள் இருக்கிறது. அது மற்ற மருந்துகளையும் பிடித்துக்கொள்ளும் என்பதால், ஏனைய மாத்திரைகளை அதற்கு ஒரு மணித்தியாலம் முன்போ, நான்கு முதல் ஆறு மணித்தியாலம் பின்போ எடுக்க வேண்டும். மலத்தில் இரத்தம் இருந்தாலோ, எடை குறைந்தாலோ, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி இருந்தாலோ அதைப் பித்தத்தின் மேல் போடாமல் வைத்தியரிடம் போங்கள்.

கேள்வி: என் அம்மாவுக்கு 72 வயது. பித்தப்பையில் கல் இருப்பது முன்பே தெரியும். இரண்டு நாளாக நடுக்கத்துடன் காய்ச்சல், வலது பக்க வயிற்றில் வலி. கண் மஞ்சளாகி, சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போகிறது. செங்கமாரி என்று சொல்லி உறவினர்கள் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறார்கள். கொடுக்கலாமா?
(மருதானை வாசகி)

பதில்: இக்கடிதம் கிடைத்த அன்றே, இதழ் அச்சாகும் வரை காத்திராமல், அம்மாவை உடனடியாகப் பெரிய வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோகும்படி ஆசிரியர் குழு மூலம் தொலைபேசியில் சொல்லச் செய்தேன். இதே நிலையில் வேறு வீடுகளிலும் யாராவது இருக்கலாம் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

வலி, நடுக்கக் காய்ச்சல், மஞ்சள் நிறம் ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால், கல் பித்தப்பையை விட்டு நகர்ந்து பொதுப் பித்தக்குழாயை அடைத்து, அங்கே கிருமி தொற்றியிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். 1877இல் பிரெஞ்சு வைத்தியர் சார்கோ விவரித்த அடையாளம் இது. குடலில் இருக்க வேண்டிய பக்டீரியாக்கள் தேங்கிய பித்தநீரில் பெருகி, அங்கிருந்து இரத்தத்துக்குள் போகின்றன. அவற்றுள் சில, ஈரல் கரையும்படி செய்து அனுப்பிய பிலிருபினை மீண்டும் கரையாததாக்குவதால், குழாய்க்குள்ளேயே மென்மையான கபில நிறக் கற்களும் உண்டாகின்றன. முதியவர்களுக்கு இத்தொற்று சில மணித்தியாலங்களில் உயிராபத்தாக மாறலாம். ஈரல் அழற்சியால் வரும் மஞ்சளும் குழாய் அடைப்பால் வரும் மஞ்சளும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். குழாயை அடைத்த கல்லை எந்த இலைச்சாறும் தள்ளாது. கீழாநெல்லி அரைக்கும் நேரம் அம்மாவுக்குரிய நேரம்.

வைத்தியசாலையில் நாளத்தின் வழியே அன்டிபயட்டிக் ஏற்றி, பிறகு வாய் வழியே குழாய்க்கமரா செலுத்திப் பித்தக்குழாயின் வாயைச் சிறிது வெட்டிக் கல்லை எடுப்பார்கள். 1974 முதல் உலகில் நடைமுறையில் உள்ள இம்முறையை நம் வைத்தியர்கள் ஈ.ஆர்.சி.பி. என்று சொல்வார்கள், வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. போகும்போது பழைய ஸ்கேன் அறிக்கையையும் அம்மா எடுக்கும் எல்லா மாத்திரைகளையும், குறிப்பாக இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை இருந்தால் அதையும், கையோடு கொண்டுபோங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டார் என்பதையும் சொல்லுங்கள். கீழாநெல்லி கொடுத்திருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். குழாயிலுள்ள கல்லை எடுத்து மஞ்சள் தெளிந்த பின்னும் பித்தப்பைக்குள் மற்றக் கற்கள் இருக்கும். அவை மீண்டும் நகராமலிருக்க, பித்தப்பையை எடுப்பதற்குத் திகதி தருவார்களா என்று வீட்டுக்கு வருமுன்னரே கேட்டு எழுதி வாங்குங்கள்.